கவனம் என்னும் கைப்பொருள்

ஓர் இலக்கியப் படைப்பை எடைபோட முனையும் திறனாய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புவது வழக்கம். அப்படைப்பு எதைச் சொல்கிறது? எவ்வாறு சொல்கிறது? சொல்லி முடித்தபின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது? கதைக்கும் கவிதைக்கும் திரைப்படத்திற்கும் இவ்வினாக்களை எழுப்பிப் பழகிய நாம், இன்று நம் மாணவச் செல்வங்கள் மிகுதியாக நுகரும் ஒரு வடிவத்தை மட்டும் திறனாய்வின் எல்லைக்கு அப்பாலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். ரீல்ஸ் என்றும் ஷார்ட்ஸ் என்றும் வழங்கும் குறுங்காணொலியையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். அதனைக் கண்டிப்போர் உண்டு, கொண்டாடுவோரும் உண்டு, ஆற அமர ஆராய்வோர் அரியர்.

மாலை வேளையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்துக்காகக் காத்து நிற்கும் மாணவர் கூட்டத்தை நோக்குவோர், குனிந்த தலைகளையும் ஓயாது மேல்நோக்கித் தள்ளும் கட்டைவிரல்களையும் காணலாம். பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதும் அத்தலைகள் நிமிர்வதில்லை. இதைக் கொண்டே இளைய தலைமுறை கெட்டுவிட்டது என்று தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. அத்தகைய தீர்ப்பு ஆய்வுக்கும் உதவாது, அன்புக்கும் உகந்ததன்று. ஆகவே வடிவத்தை முதலில் நோக்குவோம். பின்னர் அது மாணவரின் கல்விக்கு என்ன செய்கிறது என்பதைக் காண்போம்.

குறுமை குற்றமா?

குறுங்காணொலியின்மீது சாட்டப்படும் முதற்குற்றம் அதன் குறுமை. இக்குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஏழே சீர்களில் வாழ்வின் இலக்கணம் வகுத்த வள்ளுவரின் மரபில் வந்தவர்கள் நாம். காவிரி, கொள்ளிடக் கரைகளில் பணியாற்றிய வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் யாத்தார். அவரே பரமார்த்த குருவின் கதை என்னும் சின்னஞ்சிறு நகைச்சுவைக் கதைகளையும் எழுதினார். பெரிதும் சிறிதும் ஒரே கையிலிருந்து பிறந்தன. இரண்டும் தமிழுக்கு அணியாயின.

அண்மைக் காலத்தில் எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கொள்ளலாம். திருவரங்கத்தில் வளர்ந்து, அங்குள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர்த் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற அவர், ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்திற்குள் அறிவியலையும் இலக்கியத்தையும் அன்றாட வாழ்வையும் அடக்கிக் காட்டினார். ஒரு பக்கம் என்பதால் அது ஆழமற்றுப் போய்விடவில்லை. படித்தவர் பலர் அதில் கண்ட பெயரைப் பிடித்துக்கொண்டு நூலகத்திற்குச் சென்றனர்.

ஆண்டவர் இயேசுவின் போதனை முறையும் இதற்குச் சான்று பகர்கிறது. விதைப்பவர் உவமையை வாய்விட்டுச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் அது சொல்லப்பட்டபின் நிகழ்வதே கவனிக்கத்தக்கது. மக்கள் கூட்டம் அகன்றபின் சீடர்கள் தனித்து வந்து பொருள் கேட்கின்றனர். விளக்கம் தொடர்கிறது. உவமை சிறிது, அதைச் சூழ்ந்து நிற்கும் சிந்தனைக்கான வெளி பெரிது. குறளுக்கும் அவ்வாறே. குறள் முடிந்த இடத்தில் பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் பேசத் தொடங்குகின்றனர். நல்ல குறுவடிவங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு இது: அவை முடிந்ததும் நிறுத்துகின்றன. நிறுத்தி, கேட்டவரிடம் வேலையை ஒப்படைக்கின்றன.

நிறுத்தம் இல்லாத வடிவம்

குறுங்காணொலி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. தனித்தனியே எடுத்து நோக்கின், அவற்றுட் சில நன்றாகவே இருக்கின்றன. பறையிசை அடிக்கும் கலைஞர், நெல் நாற்று நடும் முறையைக் காட்டும் உழவர், கணக்கின் குறுக்குவழியைச் சொல்லும் ஆசிரியர் எனப் பயனுள்ளவை பல. ஆயின் எந்த ஒரு காணொலியும் அங்குத் தனித்து நிற்பதில்லை. ஒன்று முடியுமுன்னரே அடுத்தது ஆயத்தமாக நிற்கிறது. சிரிப்பு, அழுகை, விளம்பரம், விபத்து, செபம், நடனம் ஆகிய அனைத்தும் ஒரே வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. முந்தியதற்கும் பிந்தியதற்கும் தொடர்பில்லை. துயரச் செய்தி கண்ணில் நிறைக்கும் ஈரம் உலர்வதற்குள் நகைச்சுவை வந்துவிடுகிறது.

இது தற்செயலாக அமைந்ததன்று, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பக்கத்தின் அடி தெரியாமல் கீழே கீழே சென்றுகொண்டே இருக்கும் முறையை 2006இல் வடிவமைத்தவர் அமெரிக்கரான ஆசா ராஸ்கின். பிற்காலத்தில் அவரே அதன் விளைவு குறித்து வருந்திப் பேசினார். நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாளிதழுக்கு மடித்து வைக்கும் நேரம் உண்டு. திரையரங்கில் விளக்கு எரியும். இங்கோ அவை எவையும் இல்லை. மேலும், அடுத்து வருவது சுவையானதா சுவையற்றதா என்பது தெரியாத நிலையே விரலை மீண்டும் தள்ளச் செய்கிறது. எப்போது பரிசு கிடைக்கும் எனத் தெரியாதபோதுதான் ஒரு செயலை உயிர்கள் விடாது செய்கின்றன என்பதை உளவியலறிஞர் ஸ்கின்னர் தம் சோதனைகளால் காட்டினார். சூதாட்டக் கருவியின் இயக்கமும் இதுவே. திருவிழாக் கடைவீதியில் வளையம் எறியும் விளையாட்டின் முன் காசு தீரும்வரை நிற்பவரை நாம் அறிவோம். இங்கே தீர்வது காசன்று, கவனம்.

அறிந்ததுபோன்ற மயக்கம்

இனி மாணவரின் கல்விக்கு வருவோம். ‘பாடம் பற்றிய காணொலிகளைத்தானே பார்க்கிறான், பார்த்தால் என்ன?’ எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். நியாயமான கேள்வி. கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் ‘ஏசர்’ அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை இதற்கு ஓரளவு விடை தருகிறது. 14 முதல் 16 வயதினருள் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தோர் 82.2 விழுக்காட்டினர். அவர்களுள் முந்தைய ஒரு வாரத்தில் கல்வி தொடர்பாக அதைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. ஆகவே கல்வி அங்கே அறவே இல்லை எனக் கூறுவது பிழை. கல்வியும் கேளிக்கையும் ஒரே கருவியில், ஒரே விரலின் கீழ் வந்து நிற்கின்றன என்பதே உண்மை நிலை.

பாடக் காணொலியே ஆயினும், பார்த்தல் வேறு, கற்றல் வேறு. அமெரிக்க உளவியலறிஞர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர், தமக்கு அது நன்றாக நினைவிருக்கும் என நம்பினர். ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவருக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். கண்முன் எளிதாக ஓடுவது ‘புரிந்துவிட்டது’ என்னும் மயக்கத்தைத் தருகிறது. நூலை மூடியபின் உள்ளே தேடி எடுக்கும் உழைப்பிலேயே கல்வி வேர் பிடிக்கிறது. அந்த உழைப்புக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். குறுங்காணொலி மறுப்பது அந்த நிறுத்தத்தையே.

செருமனியின் மியூனிக் நகரில் 60 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான மற்றோர் ஆய்வும் உண்டு. ஒரு வேலையின் நடுவே சிறிது இடைவேளை தரப்பட்டது. சிலர் வாளா இருந்தனர். சிலர் ட்விட்டர் பார்த்தனர். சிலர் நீண்ட யூடியூப் காணொலி பார்த்தனர். சிலர் டிக்டாக் பார்த்தனர். இடைவேளைக்குப்பின், செய்ய வேண்டும் என முன்பே மனத்தில் கொண்டிருந்ததை நினைவுகூர்ந்து செய்யும் திறன், டிக்டாக் பார்த்தவர்களிடம் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு குன்றியிருந்தது. அறுபது பேரைக் கொண்ட ஆய்வு உலகத்திற்கே தீர்ப்பாகிவிடாது. எனினும் ‘ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் படிக்கிறேன்’ என்று கூறும் பிள்ளை, அந்த ஐந்து நிமிடத்தின் முடிவில் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தையே தவறவிடுவதன் காரணத்தை அது ஓரளவு விளக்குகிறது. நெடுவினாவைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடும் மாணவர் பெருகி வருகின்றனர் என ஆசிரியப் பெருமக்கள் நம்மிடம் கூறுவதுண்டு. அதற்குக் காரணங்கள் பலவாகலாம். அவற்றுள் இதுவும் ஒன்று என எண்ண இடமுண்டு.

கவனத்தைப் பற்றி எண்ணும்போது பிரெஞ்சு நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் நினைவுக்கு வருகிறார். யூதக் குடும்பத்தில் பிறந்து, திருமுழுக்கின் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்த அந்த அம்மையார், 1942இல் பள்ளிப் படிப்பையும் இறையன்பையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதி, தொமினிக்கன் துறவி பெரான் அடிகளாரிடம் ஒப்படைத்தார். செபம் என்பது கவனத்தின் நிறைவு. ஆகவே கவனத்தைப் பயிற்றுவதே பள்ளிப் பாடங்களின் மெய்யான பயன் என்பது அவர் கருத்து. ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் போராடியும் விடை கிட்டாமற் போகலாம். அந்த ஒரு மணி நேரம் வீணன்று. அப்பயிற்சி பின்னொரு நாள் செபத்தில் ஒளியாக வெளிப்படும் என்றார் அவர். அடுத்தவரின் துன்பத்தைக் கண்டு நின்று கேட்கும் ஆற்றலும் இதே கவனத்திலிருந்துதான் பிறக்கிறது என்பதையும் அவர் சுட்டினார். கணக்கின் முன் காத்திருக்கத் தெரிந்தவனே காயம்பட்டவன் முன்னும் காத்திருப்பான். பிள்ளையின் கவனம் சிதைவது மதிப்பெண்ணை மட்டுமே தொடும் செய்தி அன்று என்பது இதனால் விளங்கும்.

அரங்கத்தின் பாடம்

இக்கருத்துகளுக்கு மேலைநாட்டு அறிஞரையே நாடிச் செல்ல வேண்டியதில்லை. காவிரியைக் கடந்தால் போதும். திருவரங்கப் பெருங்கோயில் ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டது. கருவறையை நாடிச் செல்பவர் ஒவ்வொரு மதிலாகக் கடந்து, தெருவின் ஓசை சிறிது சிறிதாகக் குறைய, உள்ளத்தைத் தயார் செய்துகொண்டே உள்ளே போகிறார். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களைப் பாடி, அபிநயித்து, பொருள் விரித்துரைக்கின்றனர். ஏட்டைப் பார்த்து வாசிப்பதன்று அது. தந்தையிடமிருந்து மகன் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஏற்றிக்கொண்ட கல்வி. அதைக் காண அமர்ந்திருப்போரும் ஒரே பாசுரத்தின்மேல் நெடுநேரம் நிற்கப் பழகியவர்கள். சமயத்தால் வேறுபட்டாலும், கவனத்தை ஒரு சமூகம் எவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது என்பதை அங்கே நாம் பணிவோடு கற்கலாம்.

காவிரியின் இக்கரையிலும் அதே பாடம் உண்டு. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியை நடத்தும் இயேசு சபையினரின் கல்வித் திட்டம் 1599இல் வகுக்கப்பட்டது. அதன் முதுகெலும்புகளுள் ஒன்று மீள்பயிற்சி. கற்றதை அன்றே திரும்பச் சொல்லுதல், வார இறுதியில் மீண்டும் சொல்லுதல் என்பது அதன் நெறி. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளிலும் இதையே கூறுகிறார். தியானத்தில் எந்த இடம் உள்ளத்தைத் தொட்டதோ அந்த இடத்திற்கே மீண்டும் சென்று நிற்க வேண்டும். அவசரமாக அடுத்ததற்குத் தாவக் கூடாது. குறுங்காணொலியோ, உள்ளம் தொடப்பட்ட கணத்திலேயே அதை அவ்விடத்திலிருந்து பெயர்த்து எடுக்கிறது. இரு கல்வி முறைகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன என்றால் மிகையாகாது.

தடை தீர்க்குமா?

‘அப்படியானால் தடை செய்துவிடலாமே’ என்பார்க்கு நம் அண்மை வரலாறே விடை கூறும். திருச்சி மாவட்டத்தையும் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு இடைக்கால ஆணையிட்டது. அதே மாதம் 24ஆம் நாள் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணங்காட்டி, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டகிராமின் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமாயிற்று. செப்டம்பரில் யூடியூபின் ஷார்ட்ஸ் வந்தது. கடை மூடப்பட்டது, சரக்கு வேறு கடையில் விற்பனையாயிற்று. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. அதன் பயனைக் காலம் கூறட்டும். சட்டம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. சட்டம் வாயிலை அடைக்கலாம். கவனத்தைப் பயிற்றுவிப்பது அதனால் ஆகாது என்பதே நம் கருத்து.

யாருடைய கைப்பொருள்?

இங்கே நாம் மறவாமல் நோக்க வேண்டிய ஒன்று உண்டு. பல ஏழைக் குடும்பங்களுக்குள் திறன்பேசி கேளிக்கைப் பொருளாக நுழையவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்தின் பெயராலேயே நுழைந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவரும், பாலக்கரையில் வீட்டு வேலை செய்யும் தாயும் கடன்பட்டுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தனர். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பள்ளி திறந்தது, கைப்பேசி திரும்பிப் போகவில்லை. ஆகவே, ‘பெற்றோர் ஏன் வாங்கிக் கொடுத்தனர்?’ என்று அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது.

வசதி படைத்த வீட்டில் பிள்ளைக்குத் தனியறை உண்டு. உடனிருந்து பார்க்கும் பெற்றோர் உண்டு. நீச்சல், இசை, தனிப்பயிற்சி என மாற்று வழிகள் உண்டு. கவனம் சிதைந்தாலும் பணத்தைக் கொண்டு ஓரளவு ஈடுகட்டுவர். பத்துக்குப் பத்து அறையில் ஐவர் உறங்கும் வீட்டில், இரவுப் பணிக்குத் தந்தை சென்றுவிட, அந்தக் கைப்பேசியே பிள்ளைக்குத் தோழன், விளையாட்டுத் திடல், திரையரங்கு எல்லாம். அப்பிள்ளையிடம் நிலம் இல்லை. பரம்பரைச் சொத்து இல்லை. பரிந்துரைக்க உறவினர் இல்லை. ஒரு பாடத்தின்மேல் ஒரு மணி நேரம் உள்ளத்தை நிறுத்தும் ஆற்றல் ஒன்றே அதன் கைப்பொருள். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த எளியவரின் மகன் அப்துல் கலாம் 1950களில் தூய வளனார் கல்லூரிக்கு இயற்பியல் கற்க வந்தபோது கொண்டுவந்த முதலும் அதுவே. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த முதலை நம்பியே வருகிறது. அந்த ஒரே முதலைப் பெருநிறுவனங்கள் விளம்பரக் காசாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே இது ஒழுக்கச் சிக்கலாக மட்டும் நோக்கத்தக்கதன்று. நீதியின் சிக்கல் என்றே நாம் கருதுகிறோம்.

செய்யத்தக்கவை

பெருந்தொற்றுக்குப்பின் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ நமக்கு ஒரு வழி காட்டுகிறது. திரையால் நேர்ந்த குறையை மற்றொரு திரையால் நிரப்ப அத்திட்டம் முயலவில்லை. மாலையில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என, ஒரு மனிதரை அவர்கள் நடுவே அமர்த்தியது. சிதைந்த கவனத்தை மீட்கும் மருந்து இன்னொருவரின் கவனமே. நம் பங்குகளில் மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் மறைக்கல்வி அறைகள் எத்தனை? அவற்றைத் திறந்து, விளக்கேற்றி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அமர்த்தினால், வீட்டில் அமைதியற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு பெருங்கொடை ஆகும். அங்கு ஒரு மணி நேரம் ஒரே பாடம். முடிவில் நூலை மூடி வைத்துக் கற்றதை வாயால் சொல்லுதல். இவ்வளவு போதும்.

இல்லங்களில் குடும்ப செபத்திற்கு முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம், பெற்றோரின் கைப்பேசியும் பிள்ளையின் கைப்பேசியும் ஒரே தட்டில் ஓய்வெடுக்கட்டும். பெற்றோர் தமது கையில் வைத்துக்கொண்டு பிள்ளையினதை மட்டும் பறித்தல் பயன் தராது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 அன்று, குருக்களின் உருவாக்கத்தை மனத்தில் கொண்டு தொடங்கிப் பின்னர் அனைத்துக் கிறிஸ்தவர்களுக்கும் விரித்து, இலக்கிய வாசிப்பின் இன்றியமையாமை குறித்து ஒரு மடல் வரைந்தார். அதைப் பங்கு வாசகர் வட்டங்கள் கூடிப் படிக்கலாம்.

திருச்சபையின் ஊடகப் பணிக்கும் ஒரு சொல். மறையுரையை ஒரு நிமிடக் காணொலியாக்கிப் பரப்புவது இன்று பெருகி வருகிறது. நற்செய்தி எங்கும் செல்ல வேண்டும் என்னும் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆயின் நடனத்திற்கும் விளம்பரத்திற்கும் நடுவே சிக்கி, விரலால் தள்ளப்படும் இறைவாக்கு, வழியோரம் விழுந்த விதைக்கு நிகராகிவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய காணொலியின் முடிவில் ‘இங்கே நிறுத்தி, விவிலியத்தைத் திற’ என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். மறையுரைக்குப்பின் சிறிது நேரம் மௌனம் காக்குமாறு திருப்பலி ஒழுங்குமுறையும் பரிந்துரைக்கிறது. அந்த மௌனத்தைச் சில கோவில்களில் அறிவிப்புகள் விழுங்கிவிடுகின்றன. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய இரண்டு நிமிட நிறுத்தம் அது. அதை முதலில் மீட்போம்.

தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாம் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சொல்லி முடித்தபின் உள்ளத்தில் எதையேனும் விட்டுச் செல்வதற்கு, ஒரு படைப்பு முதலில் முடிய வேண்டும். முடிவே இல்லாத ஒன்று எதையும் விட்டுச் செல்வதில்லை. அன்னை மரியா தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றை உள்ளத்தில் இருத்திச் சிந்தித்து வந்தார் என லூக்கா நற்செய்தி கூறுகிறது. இருத்துவதற்கு இடமும், சிந்திப்பதற்குப் பொழுதும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்வது பெற்றோர், ஆசிரியர், அருள்பணியாளர் ஆகிய மூவரும் கூடித் தாங்க வேண்டிய பொறுப்பு.